நீர்யானைக்குட்டியின் அழுகை

என் அண்ணன் பேர்பெற்ற அழுமூஞ்சி. இதை அவனே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்வான்.

ஏழு நிமிடக் கார்ட்டூன் ஒன்று இருக்கிறது. ஒரு நீர்யானைக்குட்டி ஊஞ்சலாட ஆசைப்படும். உட்காரும்போதெல்லாம் கயிறு அறும், பிறகு கிளை ஒடியும், கடைசியில் மரமே சாய்ந்துவிடும். குட்டி தரையில் உட்கார்ந்து, முகத்தில் பாதியளவு வாயைத் திறந்து அழும். அந்த அழுகையைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் எங்கள் வயதில் குறைவு. வகுப்பில் யாராவது மூக்கை உறிஞ்சினால் போதும், "நீர்யானை ஆரம்பிச்சிடுச்சு" என்பார்கள்.

அந்தப் படத்துக்கு ஒலி சேர்த்தவர் என் அப்பா. அழுதது யார் என்று கேட்ட பத்திரிகைக்காரரிடம், "என் பையன்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு படத்தைப் பற்றி யார் எங்கே எழுதினாலும் 'உங்களுக்குத் தெரியுமா' என்றொரு கட்டம் போட்டு அதற்குள் என் அண்ணனை உட்கார வைத்துவிடுவார்கள். அவனும் எழுந்திருக்கவே இல்லை. இன்று அவன் நடத்தும் டிரைவிங் ஸ்கூலுக்கு நீர்யானைப் பெயர்தான். கார்களின் தலையில் வாயைப் பிளந்த நீர்யானைப் பலகை. கற்றுக்கொள்ள வருகிறவர்கள் அவனை நீர்யானை மாஸ்டர் என்கிறார்கள். விருந்துகளில் யாராவது கேட்டுக்கொண்டால், கேட்காவிட்டாலும், எழுந்து நின்று அழுது காட்டுவான்.

நான் தங்கை. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். நாள் முழுக்க அடுத்தவர் கண் முன்னால் வில்லைகளை மாற்றி மாற்றி வைத்து, இது தெளிவா, முன்னது தெளிவா என்று கேட்பதுதான் என் வேலை. வீட்டில் யாரும் என்னிடம் அப்படி எதையும் கேட்டதில்லை.

படக் காப்பகத்திலிருந்து தொலைபேசி வந்ததும் கடையில்தான். நீர்யானைப் படத்தைச் சுத்தம் செய்து மறுபடியும் திரையிடப் போகிறார்களாம். பழைய படத்தில் விட்டுப்போன பெயர்களையெல்லாம் கடைசியில் ஒரு அட்டையாகச் சேர்க்கிறார்களாம். அழுகைக் குரலுக்கு யார் பெயர் போடுவது என்று குடும்பத்தில் ஒருவர் எழுதிக்கொடுக்க வேண்டும். பேசியவர் அங்கே பழைய ஒலிநாடாக்களைச் சரிசெய்கிறவர். உங்கள் அண்ணன் ஏற்கெனவே தன் பெயரையும் புகைப்படத்தையும் அனுப்பிவிட்டார், ஆனாலும் நாடாக்கள் அப்பா இறந்த பிறகு அம்மா கொடுத்தவை, அதனால் அம்மாவின் ஒப்புதல் வேண்டும் என்றார். வேண்டுமானால் நீங்கள் ஒருமுறை வந்து நாடாவைக் கேட்டுவிட்டும் போகலாம் என்றார்.

போனை வைத்தபோது என் கை சூடாக இருந்தது. இதற்காக நான் நெடுநாளாகக் காத்திருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

அந்தப் படம் வெளிவந்தபோது அண்ணன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். வீட்டில் கைக்குழந்தை நான். கைக்குழந்தையின் அழுகைக்கும் பள்ளிக்கூடப் பையனின் அழுகைக்கும் வித்தியாசம் தெரியாதவர்களா உலகம் முழுக்க இருக்கிறார்கள்? அழுதது நான். அப்பா வாய்தவறியோ, மகன் என்றால் எடுப்பாக இருக்கும் என்றோ மாற்றிச் சொல்லிவிட்டார். அண்ணன் அதை அப்படியே சுருட்டிக்கொண்டான். இப்படித்தான் நான் முடிவுகட்டி வைத்திருந்தேன். அழுததற்குப் போய் உரிமை கொண்டாடுவதா என்று கேட்கலாம். நானும் என்னைக் கேட்டுக்கொண்டதுண்டு. ஆனால் அந்த வீட்டில் நான் செய்ததாகச் சொல்லிக்கொள்ள வேறொன்றும் எனக்கு நினைவில் இல்லை.

அன்று சாயங்காலம் அம்மாவிடம் கேட்டேன். அம்மா என்னோடுதான் இருக்கிறாள். பதில் சொல்ல விருப்பமில்லாத கேள்வி வந்தால் பழைய செய்தித்தாளைக் கசக்கி ஜன்னல் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிடுவாள். எங்கள் வீட்டு ஜன்னல்கள் எப்போதும் பளிச்சென்று இருக்கும்.

"அண்ணன் அப்ப ஸ்கூல் போயிட்டிருந்தான். அந்த வயசுப் பிள்ளை அப்படியா அழும்?" என்றேன்.

"அவன் எப்பவுமே வயசுக்குச் சின்னவன்" என்றாள், செய்தித்தாளைத் தேடிக்கொண்டே.

அப்படியென்றால் நானா என்று கேட்டேன். யாராக இருந்தால் என்ன, அழுகை அழுகைதானே என்றாள். நான் விடவில்லை. அப்பா எந்த அறையில் பதிவு செய்தார், குழந்தையை யார் பிடித்துக்கொண்டது, எதற்காகக் குழந்தை அழுதது என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவள் கண்ணாடியின் மேல்மூலையை எட்டித் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள். அம்மாவின் மௌனத்தோடு நான் பழகியவள். அதில் எனக்கு ஒரு சுகம்கூட உண்டு. ஆனால் அன்று, ஒரு சுவரை உட்கார வைத்துப் பேசிக்கொண்டிருப்பதுபோல் ஆத்திரமாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்தான். விஷயத்தை எடுத்தேன். முதலில் சிரித்தான். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் குரல் ஏறியது. அப்பாவே சொன்னது பொய்யா, பத்திரிகையில் வந்தது பொய்யா என்றான். அப்பா தன்னை மேஜைமேல் உட்கார வைத்து, பொம்மைக் காரைப் பிடுங்கிக்கொண்டு மைக்கை நீட்டியது இன்னும் நினைவிருக்கிறது என்றான். அது உண்மையாகவும் இருக்கலாம் என்று தோன்றியதில் எரிச்சல் அதிகமானது.

"நீ அழுதியா? நீ பிறந்ததுலேர்ந்து அழுததே இல்லை. முறைச்சுக்கிட்டே பிறந்த. டாக்டரே ரெண்டடி பின்னாடி போனாராம்."

"அதை அம்மா சொல்லட்டும்."

இருவரும் அம்மாவைப் பார்த்தோம். அவள் எழுந்துபோய் அடுப்பை அணைத்தாள். அடுப்பு ஏற்கெனவே அணைந்துதான் இருந்தது.

மறுநாள் மதியம் கடையைப் பூட்டிவிட்டுக் காப்பகத்துக்குப் போனேன். நாடாக்கள் இருக்கும் பகுதி கீழ்த்தளத்தில். குளிர்சாதனம் எலும்பில் இறங்கியது. தகர அலமாரிகளில் நாடாப் பெட்டிகள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. புளித்துப்போன மாதிரி ஒரு வாசனை, பழைய நாடாக்களின் வாசனை. சரிசெய்பவர் ஐம்பதை நெருங்குகிறவர், சட்டைக்கு மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் இன்னொரு ஸ்வெட்டர். அவர் கண்ணாடி அவருக்கு இப்போது போதாது என்பது பெட்டியை முகத்தருகே கொண்டுபோய்ப் படித்த விதத்திலேயே தெரிந்தது.

முதலில் படத்தின் அந்தக் கடைசிக் காட்சியைப் போட்டுக் காட்டினார். குட்டி அழுகிறது. அழுகை ஓய்ந்ததும் ஒரே ஒரு விக்கல். அந்த விக்கலில் சாய்ந்த மரத்தின் கடைசி இலை கழன்று அதன் தலையில் விழுகிறது. எந்த அரங்கத்திலும் ஜனங்கள் வெடித்துச் சிரிப்பது இங்கேதான் என்றார். எனக்குத் தெரியும் என்றேன்.

பிறகு, கார்ட்டூன்களில் குரலை எப்படி மாற்றுவார்கள் என்று சொன்னார். நாடாவை மெதுவாக ஓடவிட்டுப் பதிவு செய்வார்கள். அதையே இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டினால் குரல் மெலிந்து, சிணுங்கி, பிள்ளைக் குரலாகிவிடும். உங்கள் அப்பாவின் நாடாவும் அப்படிப் பதிந்ததுதான், நான் அதைப் பதிந்த வேகத்திலேயே இப்போது ஓட்டப் போகிறேன் என்றார். அவர் முகத்தில் பிறந்தநாள் பரிசைப் பிரிக்கப் போகிற களை.

ஓட்டினார்.

அது பிள்ளையின் அழுகை இல்லை. ஒரு பெண் அழுதாள். வாயை மூடிக்கொண்டு ஆரம்பித்து, மூடமுடியாமல் போய், மூச்சை இழுத்து இழுத்து அழுதாள். நான் பிறந்தது முதல் கேட்டுவரும் குரல் அது, ஆனால் அழுது நான் கேட்டதில்லை. நடுவில் எங்கோ தூரத்தில் ஒரு லாரி ஹாரன். அதைத் தாண்டி, மைக்குக்கு மிக அருகில், அப்பாவின் குரல். மெதுவாக, பதமாக, கடைக்காரர் வாடிக்கையாளரிடம் பேசுவதுபோல்.

"நிறுத்தாதே."

சரிசெய்பவர் நாடாவை நிறுத்தினார். இது புதையல் மேடம் என்றார். திரையிடும் நாளில் வாசல் கூடத்தில் ஒரு பெட்டி வைத்து, ஹெட்போன் மாட்டிக் கேட்கிற மாதிரி செய்துவிடலாம், படத்தைவிட இதற்குத்தான் வரிசை நிற்கும் என்றார். இத்தனை வருடமாக எல்லோரும் தப்பாக எழுதிக்கொண்டிருந்த ஒரு துணுக்கை நாம் திருத்தப் போகிறோம் என்றார். நல்ல மனிதர். அவரை அடிக்கத் தோன்றியது.

வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், நாடாவைக் கேட்டேன் என்றேன். அம்மா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்தாள். தெருவில் யாரோ வண்டியை உதைத்துக் கிளப்பப் பார்த்து, முடியாமல், தள்ளிக்கொண்டே போனார்கள்.

"அவன் அழுதான்னு சொன்னா எல்லாரும் சிரிப்பாங்க" என்றாள் அம்மா. "நான் அழுதேன்னு சொன்னா, ஏன்னு கேப்பாங்க."

"ஏம்மா அழுத?"

"பாத்தியா."

அதற்குப் பிறகு அவளாகவே சொன்னாள். அம்மா அந்தப் படக்கூடத்தில் இடைப்படம் வரைந்துகொண்டிருந்தாள் என்பது எனக்குத் தெரியும். பெரிய ஓவியர், வாய் மூடியிருப்பதை ஒரு படமும் வாய் திறந்திருப்பதை ஒரு படமுமாகப் போட்டுக் கொடுப்பார். மூடிய வாய் திறந்த வாயாக மாறுகிற அத்தனை படங்களையும் அடியில் விளக்கு எரியும் பலகையில் வைத்து வரைகிறவர்கள் இடைப்படக்காரர்கள். குட்டி அழுகிற அந்தக் கடைசிக் காட்சி அம்மாவுடையது என்பதுதான் எனக்குத் தெரியாது. கண்ணாடி முன்னால் உட்கார்ந்து வாயைக் கோணிக் கோணிப் பார்த்து வரைந்தாளாம். அப்போது நான் அவள் வயிற்றில் இருந்தேன். அழுதது நான் என்ற என் வழக்கு அங்கேயே தள்ளுபடியானது.

அந்த மாதத்தோடு மனைவி வேலைக்கு வரமாட்டாள் என்று அப்பா முதலாளியிடம் போய்ச் சொல்லிவிட்டார். அவளிடம் கேட்கவில்லை. சொல்லவும் இல்லை. ஒரு நாள் அவள் போனபோது அவள் பலகையில் வேறொரு பெண் உட்கார்ந்து, அவள் சீவி வைத்த பென்சிலால் வரைந்துகொண்டிருந்தாள். மன்னிச்சுக்கங்க அக்கா என்று அந்தப் பெண் எழுந்து நின்றாளாம். அம்மா வீட்டுக்கு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அப்பா அந்தக் காட்சிக்கு அழுகை கிடைக்காமல் மண்டையை உடைத்துக்கொண்டிருந்த சமயம் அது. அண்ணனை அழவைத்துப் பார்த்திருக்கிறார், பலூனைத் தேய்த்துப் பார்த்திருக்கிறார், ஒன்றும் சரிவரவில்லை. அடுத்த அறையிலிருந்து அம்மாவின் சத்தம் கேட்டு உள்ளே வந்தார்.

"ஆறுதல் சொல்ல வர்றார்னு நினைச்சேன். கையில மெஷின்."

நான் அப்பாவைத் திட்டினேன். செத்துப்போனவரைத் திட்டுவதில் எந்தப் பலனும் இல்லை, நம் குரல்தான் கெடும். நீ ஏன் அப்போதே அதைப் பிடுங்கி எறியவில்லை என்று அம்மாவிடமும் பாய்ந்தேன்.

"எறிஞ்சிருக்கலாம்" என்றாள். "ஆனா அந்த வாய் நான் போட்டதுடி. அதுக்குள்ளேர்ந்து என்ன சத்தம் வரணும்னு எனக்குத் தெரியும். இதுதான் அதுன்னு எனக்கும் தோணிச்சு. நிறுத்தலை."

இது எனக்குப் பிடிக்கவில்லை. அப்பாவின்மேல் மட்டும் கோபப்பட்டுக்கொண்டிருப்பது எவ்வளவு வசதியாக இருந்தது. அவள் அதையும் கெடுத்தாள்.

அது மட்டுமில்லை. லாரி ஹாரன் விழுந்துவிட்டதால் அப்பா இன்னொரு தடவை கேட்டிருக்கிறார். இரண்டாவது தடவை அழும்போது அவள் கண்ணில் சொட்டுத் தண்ணீர் இல்லை. கட்டில் ஓரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து, குட்டியின் வாய் எப்படித் திறந்து எப்படி மூடும் என்று விரலால் தொடையில் தட்டிக்கொண்டே, அதற்குப் பொருத்தமாக அழுதாளாம். படத்தில் எதைச் சேர்த்தீர்கள் என்று பிறகொருநாள் அப்பாவிடம் கேட்டபோது, ரெண்டும் ஒண்ணுதானே என்று சொல்லிவிட்டாராம். டிவியில் அந்தப் படம் வரும்போதெல்லாம் நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். அம்மா மட்டும் திரையருகே போய்க் காதைக் கொடுத்து நிற்பாள். காது மந்தம் என்று நாங்கள் அதற்கும் சிரித்திருக்கிறோம். இரண்டு மடங்கு வேகத்தில் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை.

"முதல் தடவைன்னா அது அவர் எடுத்துக்கிட்டது. ரெண்டாவதுன்னா நான் செஞ்சது. எதுன்னு மட்டும் அந்த ஆளைக் கேளு."

நாங்கள் யாரும் கேட்காத கேள்வி அதுதான். நானும் அண்ணனும் யாருடைய அழுகை என்று குடுமிப்பிடிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். அம்மா அத்தனை காலமும் எந்த அழுகை என்று தெரியாமல் இருந்திருக்கிறாள்.

போன் போட்டுக் கொடுத்தேன். நாடாவையும் படத்தின் ஒலியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்றார் சரிசெய்பவர். அம்மா செய்தித்தாளைத் தேடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது இரண்டாவதாக இருக்கட்டும் என்று நான் யாரிடமோ கேட்டுக்கொண்டேன். அப்படி மட்டும் இருந்தால் கதை நேராகிவிடும். அட்டையில் அவள் பெயரைப் போட்டுவிடலாம், அண்ணனும் வேறு வழியில்லாமல் பழகிக்கொள்வான்.

போன் அடித்தது. எனக்கும் கேட்கும்படி வைத்தேன். அவர் குரலில் உற்சாகம் தாங்கவில்லை. ஒட்டு இருக்கிறது அம்மா என்றார். உங்கள் வீட்டுக்காரர் கைகாரர், இத்தனை நாளாக யார் காதிலும் படாத மாதிரி வெட்டி ஒட்டியிருக்கிறார். அழுகை முழுக்க முதல் தடவை அழுதது. ஹாரன் வருகிற இடத்துக்கு முன்னால் வெட்டிவிட்டார். கடைசியில் வருகிற விக்கல் மட்டும் இரண்டாவதில் இருந்து எடுத்தது.

எனக்குப் போனைச் சுவரில் அடிக்கலாம்போல் இருந்தது. ஒரு கேள்விக்கு நேரான பதில் கொடுக்க அந்த மனிதருக்குச் செத்த பிறகும் மனம் வரவில்லை.

ஹலோ, ஹலோ, லைன்ல இருக்கீங்களா என்று சரிசெய்பவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"இருக்கேன்" என்றாள் அம்மா. "முதல்ல இருக்கறதை யாருக்கும் போட்டுக் காட்ட வேணாம். அந்த நாடாவை எனக்கே குடுத்துடுங்க. விக்கலுக்கு என் பேரைப் போடுங்க."

அவர் குழம்பினார். வரைந்தவர்கள் வரிசையில் உங்கள் பெயர் எப்படியும் வருகிறது, குரலுக்கும் உங்கள் பெயர்தானே வரவேண்டும், முழு அழுகையும் உங்களுடையதாயிற்றே, விக்கலுக்கு மட்டும் எங்கேயாவது பெயர் போடுவார்களா என்றார்.

"அழுகைக்கு ஒரு பேர் ஏற்கெனவே குடுத்திருக்காங்கல்ல. அது அப்படியே இருக்கட்டும். விக்கல் நான் செஞ்ச வேலை. அதுக்குப் போடுங்க."

போனை வைத்ததும் நான் கத்தினேன். இது பொய்யில்லையா, இத்தனையும் தெரிந்த பிறகும் அட்டையில் ஒரு பொய்யை அச்சடிப்பதா, இதற்காகவா நான் இவ்வளவு தூரம் அலைந்தேன் என்றேன்.

"பொய்தான்" என்றாள் அம்மா. "இத்தனை வருஷமா நல்லா உழைச்சிருக்கு."

பூண்டை எடுத்துக்கொண்டாள். விக்கல் பறிபோன சேதியை அண்ணனுக்கு யார் சொல்வது என்று கேட்டேன்.

"உண்மை உண்மைன்னு குதிச்சது யாரு? நீயே சொல்லு."

அண்ணன் போனை எடுத்தபோது யாருக்கோ வண்டி பழக்கிக்கொண்டிருந்தான். கிளட்ச்சை விடாதீங்க சார், விடாதீங்க என்பது கேட்டது, அதன் மேலேயே சொல்லு என்றான். எதிலிருந்து தொடங்குவது என்று தெரியாமல் நின்றேன். யாருக்கு என்ன ஆச்சு என்று பதறினான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அந்த விக்கல் மட்டும் அம்மாவுடையதாம், தனியாக எடுத்து ஒட்டியிருக்கிறார்களாம், காப்பகத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள் என்றேன். வண்டியை ஓரம்கட்டச் சொன்னான். எஞ்சின் அணைந்தது. நான் செய்து காட்டும்போது ஜனங்கள் கைதட்டுவதே அந்த விக்கலுக்குத்தானே என்றான், என்னிடம் இல்லை, தன்னிடமே சொல்லிக்கொள்வதுபோல். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அடுத்து என்ன செய்ய வேண்டும் சார் என்று கேட்டதற்கும் பதில் சொல்லவில்லை.

"அப்ப அழுகை?" என்றான். இதுவரை நான் கேட்டிராத சின்னக் குரல்.

அம்மா உரிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலையாட்டவில்லை, கண்ணைக்கூடக் காட்டவில்லை. என் வாழ்நாளில் முதல்முறையாக, அந்த வீட்டில் எது உண்மை என்று ஒருவர் என்னிடம் கேட்டிருந்தார். எனக்குத் தெரியும். வாயில் தயாராக இருந்தது.

"அழுகை நீதாண்ணா" என்றேன்.

அவன் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

"அதான பாத்தேன்" என்றான். வண்டியைக் கிளப்பச் சொன்னான். கிளட்ச், கிளட்ச் என்று மறுபடியும் ஆரம்பித்தான். நான் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு, அவன் போய்விட்ட பிறகும், பல்லைக் கடித்தபடி நின்றுகொண்டிருந்தேன்.